துறையைப் பாருங்கள், பிறகு பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்

வாசகர் கேள்வி:

குமாரபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளி ஒருவரின் மகள் நான். அரசுப் பள்ளியில் படித்து, இப்போது அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். எம்.எஸ்சி. முடித்து ஆராய்ச்சிக்கோ கல்லூரி ஆசிரியர் பணிக்கோ போக வேண்டும் என்பது என் விருப்பம். எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கட்டணம், விடுதி எல்லாம் சேர்த்து இரண்டு ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்குள் முடியும் என்கிறார்கள். ஆனால் என் சித்தப்பா, "அங்கே வாத்தியாரும் இல்லை, துணைவேந்தரும் இல்லை, ரிசல்ட்டும் நேரத்துக்கு வராது, கடன் வாங்கியாவது தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்த்துவிடலாம், அது ஏ பிளஸ் பிளஸ்" என்கிறார். அங்கே நான்கரை லட்சம் ஆகும். அப்பா எதுவும் சொல்லாமல் இருக்கிறார். கட்டணம் குறைவு என்றால் தரமும் குறைவுதானா? சேர்வதற்கு முன்பே ஒரு பல்கலைக்கழகத்தை நாங்களாக மதிப்பிட முடியுமா? இப்போது எனக்கு வரும் புதுமைப்பெண் உதவித்தொகை எம்.எஸ்சி.க்கும் தொடருமா?

பெயர் வெளியிட விரும்பாத மாணவி, நாமக்கல் மாவட்டம்

ஆலோசகர் பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

பல்கலைக்கழகத் துறை ஒன்றில் நெடுங்காலம் இயற்பியல் கற்பித்தவன், முதுநிலைச் சேர்க்கைக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையில் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் முடிவு செய்வதற்கு முன்பே கேட்டிருப்பது எனக்கு மகிழ்ச்சி தருகிறது. இதே கேள்வியைச் சேர்ந்து ஒரு பருவம் கழிந்த பிறகு கேட்கும் பிள்ளைகளுக்கு என்னால் அதிகம் உதவ முடிவதில்லை.

முதலில் கட்டணத்தைப் பற்றி. மாநிலப் பல்கலைக்கழகத்தில் உங்களிடம் வாங்கும் தொகை, அங்கே ஒரு மாணவியைப் படிக்க வைக்க ஆகும் செலவு அன்று. அந்தச் செலவில் உங்கள் பங்கு மட்டுமே. மீதியை மாநில அரசின் மானியமும், பல்கலைக்கழகத்தின் பிற வருவாய்களும், ஆய்வுத் திட்டங்களுக்காக வரும் மத்திய அரசு நிதியும் தாங்குகின்றன. அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குப் பணம் வாங்குவதில்லை என்பதால் கத்தியைப் பிடிக்கும் மருத்துவர் குறைந்தவர் ஆகிவிடுவதில்லை. ஆகவே கட்டணம் என்ற ஒன்றை வைத்துத் தரத்தைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. உயர்ந்த கட்டணத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் உங்கள் சித்தப்பா சொல்வதை ஒதுக்கிவிடவும் கூடாது. தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நிரந்தர ஆசிரியர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன என்பது உண்மை. துணைவேந்தர் நியமனம் குறித்து மாநில அரசுக்கும் ஆளுநருக்கும் எழுந்த பிணக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1857-ல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளே 2024-ல் வருமான வரித் துறையால் முடக்கப்பட்டன என்றால், நிதி நெருக்கடி எவ்வளவு ஆழமானது என்பது புரியும். இவை எல்லாம் மாணவர்களைப் பாதிக்கக்கூடியவை. நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு குறையும் நீங்கள் உட்காரப்போகும் வகுப்பறை வரை வந்து சேர்கிறதா என்று தனித்தனியாகப் பார்ப்பது.

ஏனென்றால் மாநிலப் பல்கலைக்கழகம் என்பது ஒரே பொருள் அன்று. பல மாவட்டங்களில் பரவிக் கிடக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுத்துத் தேர்வு நடத்தும் அமைப்பு அதில் ஒரு பகுதி. தொலைநிலைக் கல்வி நிறுவனம் மற்றொரு பகுதி. பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே முதுநிலையும் முனைவர் பட்டமும் நடத்தும் துறைகள் மூன்றாவது பகுதி. ஊரில் பேசப்படும் புகார்களில் பெரும்பாலானவை முதல் இரண்டையும் பற்றியவை. நீங்கள் விண்ணப்பிக்க இருப்பதோ மூன்றாவதில். ஒரே வளாகத்தில் ஒரு துறை நாட்டின் நல்ல ஆய்வகங்களுக்கு மாணவர்களை அனுப்பிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டடத்தில் இன்னொரு துறை இரண்டு நிரந்தர ஆசிரியர்களோடு மூச்சுத் திணறிக்கொண்டிருக்கும். பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் இரண்டும் ஒன்றாகத் தெரியும்.

உங்கள் பாடத்திலேயே இதற்குச் சான்று உண்டு. ஜி. என். இராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைமையேற்று வந்தார். இரண்டே ஆண்டுகளில், 1954-ல், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன் புரதத்தின் முப்புரி அமைப்பை முன்மொழிந்தார். 1963-ல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்ட வரைபடம் இன்றும் உலகெங்கும் புரதக் கட்டமைப்புகளைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. அது ஒரு மாநிலப் பல்கலைக்கழகத் துறை. அண்மைக்கால எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். லட்சுமணன் உருவாக்கிய நேரியல்சாரா இயங்கியல் மையம் அத்துறை ஆய்வாளர்களிடையே நன்கு அறியப்பட்டது. பழம்பெருமையை வைத்து நீங்கள் இடம் தேட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு இடங்களிலும் துறையின் பெயரைத் தூக்கி நிறுத்தியவர்கள் அங்கே உட்கார்ந்து வேலை செய்த சில மனிதர்கள்தான். அப்படிப்பட்டவர்கள் நீங்கள் படிக்கப்போகும் இரண்டு ஆண்டுகளில் அந்தத் துறையில் இருப்பார்களா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அதை வீட்டிலிருந்தே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். துறையின் இணையப் பக்கத்தில் ஆசிரியர் பட்டியல் இருக்கும். அதில் பேராசிரியர், இணைப் பேராசிரியர், உதவிப் பேராசிரியர் எத்தனை பேர், கௌரவ விரிவுரையாளர் எத்தனை பேர் என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இணையப் பக்கங்கள் பல ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் கிடப்பதுண்டு. ஓய்வு பெற்றவர் பெயரும் அதில் இருக்கலாம். ஆகவே அந்தப் பட்டியலை நேரில் போகும்போது சரிபார்க்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்கள் தரம் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் மிகச் சிறந்த ஆசிரியர்களை நான் அறிவேன். ஆனால் அவர்களுக்கு அடுத்த ஆண்டு வேலை உண்டா என்பதே உறுதியில்லை; ஆய்வுத் திட்ட நிதிக்கு விண்ணப்பிப்பதும் கருவி வாங்குவதும் முனைவர் பட்ட மாணவர்களை வழிநடத்துவதும் பெரும்பாலும் அவர்களுக்கு வாய்ப்பதில்லை. நிரந்தர ஆசிரியர்கள் ஐந்தாறு பேராவது இல்லாத இயற்பியல் துறையில், மரபு விசையியல், குவாண்டம் விசையியல், மின்காந்தவியல், புள்ளியியல் விசையியல், கணித இயற்பியல் ஆகிய அடிப்படைத் தாள்களையும் விருப்பப் பாடங்களையும் ஆய்வகத்தையும் சேர்த்துத் தாங்குவது மிகக் கடினம்.

அடுத்து, காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் நிறுவனம் நடத்தும் சோத்கங்கா என்ற தளத்துக்குச் செல்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அங்கே யாரும் படிக்கும்படி கிடைக்கின்றன. அந்தத் துறையிலிருந்து கடைசி ஐந்து ஆண்டுகளில் எத்தனை ஆய்வேடுகள் வந்துள்ளன, யார் வழிகாட்டியவர், என்ன பொருள் என்று பாருங்கள். ஒரே ஒருவர் பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் துறை ஒரு தூணில் நிற்கிறது என்று பொருள். அவர் எப்போது ஓய்வு பெறுகிறார் என்று கட்டாயம் விசாரியுங்கள். நான்கைந்து பேருடைய பெயர்கள் கலந்து வந்தால் அது நல்ல அறிகுறி. ஆய்வேடுகளில் ஒன்றிரண்டைத் திறந்து, நன்றியுரைப் பக்கத்தைப் படியுங்கள். எந்தக் கருவியை எங்கே பயன்படுத்தினார்கள், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தோடோ சென்னை ஐஐடியோடோ தொடர்பு இருந்ததா என்பவை அங்கேதான் ஒளிவு மறைவில்லாமல் எழுதப்பட்டிருக்கும். துறையின் விளம்பரக் கையேட்டைவிட அந்த இரண்டு பக்கங்கள் எனக்கு நம்பகமானவை.

இதற்குப் பிறகு நேரில் போங்கள். இதை நான் வலியுறுத்திச் சொல்கிறேன்: வாரநாளில், பருவம் நடந்துகொண்டிருக்கும்போது, முன்கூட்டிச் சொல்லாமல், அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அது பொதுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனம்; சேர விரும்பும் மாணவி துறை அலுவலகத்தில் விசாரிக்க வருவது இயல்பான செயல். நுழைவாயிலில் கேட்டால், எம்.எஸ்சி. சேர்க்கை பற்றித் துறைத் தலைவரைப் பார்க்க வந்திருக்கிறோம் என்று சொன்னால் போதும்.

துறையில் முதலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். இந்தப் பருவத்தின் கால அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறதா? அதில் அந்த நேரத்துக்கு எழுதியுள்ள வகுப்பு அப்போது உண்மையிலேயே நடக்கிறதா? அகமதிப்பீட்டுத் தேர்வின் மதிப்பெண்கள் ஒட்டப்பட்டிருக்கின்றனவா? கருத்தரங்க அறிவிப்பு எந்த ஆண்டைச் சேர்ந்தது? பிறகு ஆய்வகம். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுமானி இருக்கிறது, நிறமாலைமானி இருக்கிறது என்று எல்லாத் துறைகளும் சொல்லும். கடைசியாக அது எப்போது ஓடியது என்றும், எம்.எஸ்சி. மாணவர்கள் தங்கள் கையால் அதை இயக்குகிறார்களா, முனைவர் பட்ட மாணவர் இயக்குவதைச் சுற்றி நின்று பார்க்கிறார்களா என்றும் கேளுங்கள். உதிரிபாகத்துக்குப் பணம் ஒதுக்கப்படாமல் துணி போர்த்திக் கிடக்கும் கருவிகளைப் பல துறைகளில் பார்த்திருக்கிறேன். நிதி நெருக்கடி மாணவரைத் தொடும் இடங்களில் முதன்மையானது இதுதான். விலை உயர்ந்த கருவி ஒன்றுகூட இல்லாவிட்டாலும், முதலாம் ஆண்டு பொது ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு சோதனை மேசை இருந்து, வாரத்தில் இரண்டு முழுப் பிற்பகல்கள் ஆய்வகம் நடந்தால் அதை நான் நல்ல துறை என்றே மதிப்பேன்.

துறைத் தலைவரிடம் பேசுங்கள். ஆனால் அதிக நேரத்தை இரண்டாம் ஆண்டு மாணவிகளுக்குக் கொடுங்கள். "துறை நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஆகவே நடந்ததைக் கேளுங்கள். போன பருவத்தில் குவாண்டம் விசையியலை யார் எடுத்தார், எத்தனை அலகுகள் முடிந்தன? வகுப்பு இல்லாத நாட்கள் எத்தனை? இறுதிப் பருவத் திட்டப்பணியை எங்கே செய்கிறீர்கள், வழிகாட்டி வாரம் ஒரு முறையாவது உட்கார்ந்து பேசுகிறாரா? போன ஆண்டு முடித்த அக்காக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெயர் பெயராகப் பதில் வந்தால், அதாவது ஒருவர் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான தேசியத் தேர்வு) எழுதி ஜேஆர்எஃப் (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) வாங்கினார், ஒருவர் பி.எட். படிக்கிறார், ஒருவர் ஓசூரில் வேலையில் இருக்கிறார், இருவர் வீட்டில் இருந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள் என்று வந்தால், அந்தத் துறையில் மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் தொடர்பு அறுந்துபோகவில்லை என்று அறியலாம்.

மகளிர் விடுதியையும் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, மெஸ் பில் மாதம் சராசரியாக எவ்வளவு, எல்லோருக்கும் இடம் கிடைக்கிறதா அல்லது முதல் பருவம் வெளியில் தங்க வேண்டுமா, மாலையில் ஆய்வகத்திலோ நூலகத்திலோ தங்கிவிட்டு எத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும் என்று கேட்டு வாருங்கள். ஆறு மணிக்கு வாயிலை மூடும் விடுதியும் எட்டு மணி வரை திறந்திருக்கும் நூலகமும் ஒரே வளாகத்தில் இருந்தால், அந்த நூலகம் பெண்களுக்குப் பாதிதான் பயன்படும்.

நூலகத்தைப் பொறுத்தவரை, பொதுப் பல்கலைக்கழகத்துக்குச் சாதகமான ஒரு செய்தி பலருக்கும் தெரியாமல் இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்ற மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், 2025 ஜனவரி முதல், மத்திய மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களில் படிப்பவர்களுக்கு 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் கட்டணமின்றித் திறந்துவிடப்பட்டன. ஆராய்ச்சிக்குப் போக விரும்பும் உங்களுக்கு இது மிகப் பெரிய வசதி. அந்தப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் அதை உண்மையிலேயே பயன்படுத்துகிறார்களா, வளாகத்துக்கு வெளியிலிருந்தும் நுழைய முடிகிறதா என்று நூலகரிடம் கேளுங்கள்.

இனி, சித்தப்பா சொன்ன ஏ பிளஸ் பிளஸ். உயர்கல்வி நிறுவனங்களை மதிப்பிடும், பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட நாக் அமைப்பு தரும் தரநிலை அது, 4-க்கு 3.51 புள்ளியோ அதற்கு மேலோ பெற்றால் அந்த எழுத்து கிடைக்கும். அது முழு நிறுவனத்துக்குமான மதிப்பீடு. ஐம்பது துறைகள் உள்ள நிறுவனத்தில் இயற்பியல் துறை எப்படி என்று அது சொல்லாது. 2025 பிப்ரவரியில், நல்ல தரநிலை தருவதற்காக லஞ்சம் பெற்றார்கள் என்ற குற்றச்சாட்டில் நாக் ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவர்களையே சிபிஐ கைது செய்தது. அந்த வழக்கு நம் ஊர் நிறுவனங்கள் எதைப் பற்றியதும் அன்று என்றாலும், எழுத்தை மட்டும் நம்பிக் கடன் வாங்கக் கூடாது என்பதற்கு அது போதுமான எச்சரிக்கை. எழுத்தைவிடப் பயனுள்ளது, அதைப் பெறுவதற்காக நிறுவனமே எழுதிக்கொடுத்துத் தன் இணையதளத்தில் வைத்திருக்கும் தன்மதிப்பீட்டு அறிக்கை. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை விழுக்காடு நிரம்பியிருந்தது, கடைசித் தேர்வு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளிவரச் சராசரியாக எத்தனை நாட்கள் ஆயின என்பன போன்ற கேள்விகளுக்குப் பல்கலைக்கழகங்கள் அதில் எண்ணிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். ஆசிரியர் இல்லை, முடிவு நேரத்துக்கு வராது என்ற சித்தப்பாவின் இரண்டு புகார்களுக்கும் அங்கே நேரடியான விடை இருக்கிறது. இரண்டு நிறுவனங்களின் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அறிக்கை எந்த ஆண்டோடு முடிகிறது என்பதையும் கவனியுங்கள்.

மத்திய அரசு 2016 முதல் வெளியிடும் என்ஐஆர்எஃப் என்ற கல்வி நிறுவனத் தரவரிசையையும் இப்படியே அணுக வேண்டும். இடம் எத்தனையாவது என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. அதற்கான மதிப்பெண்ணில் பத்தில் ஒரு பங்கு வெறும் பிறர் கருத்து. ஆனால் கலந்துகொள்ளும் ஒவ்வொரு நிறுவனமும் தான் அளித்த தரவைப் பொதுவில் வைக்கிறது. அதில் இரண்டு ஆண்டு முதுநிலைப் படிப்பு என்ற பகுதியில், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய காலத்தில் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, அவர்களின் இடைநிலை ஊதியம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவரின் ஊதியம்) எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்காதீர்கள்: எம்பிஏ, எம்.எஸ்சி., எம்.ஏ. என்று இரண்டு ஆண்டு முதுநிலைகள் எல்லாம் அந்த ஒரே அட்டவணையில் சேர்த்துக் கூட்டப்பட்டிருக்கலாம். நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில் வேலைவாய்ப்பு விழுக்காட்டைச் சொன்னால், "எம்.எஸ்சி. இயற்பியலில் மட்டும் எத்தனை பேர், எந்த நிறுவனம், எந்த வேலை?" என்று கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் அதையும் ஒரு பதிலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இயற்பியல் முதுநிலைக்கு வளாக நேர்காணல் எந்தப் பல்கலைக்கழகத்திலும் முதன்மையான வழி அன்று. நீங்கள் விரும்பும் இரண்டு பாதைகளிலும் தேர்வுகளே வாயிலாக நிற்கின்றன. கல்லூரி உதவிப் பேராசிரியர் ஆக நெட் அல்லது மாநில அளவில் நடக்கும் செட் தேர்வு அல்லது முனைவர் பட்டம் வேண்டும். அரசு மேல்நிலைப் பள்ளி முதுகலை ஆசிரியர் ஆக எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வு எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கு ஜேஆர்எஃப் கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு படிக்கலாம். ஆகவே ஒரு துறையில் ஆண்டுதோறும் எத்தனை பேர் நெட், கேட் (GATE) தேர்வுகளில் தேறுகிறார்கள் என்ற எண்ணிக்கையே உங்களுக்கு வேலைவாய்ப்பு விழுக்காடு.

முடிவுகள் தாமதமாவது சிறிய குறை அன்று. இதை மிகவும் கவனமாக விசாரிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத் தேர்வின் முடிவு ஆகஸ்டில் வந்தால், பி.எட். சேர்க்கையும் முனைவர் பட்டச் சேர்க்கையும் கைநழுவி ஓராண்டு வீணாகலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் நான்காம் பருவத் தேர்வு எந்த நாளில் முடிந்தது, முடிவு எந்த நாளில் வந்தது, ஒருங்கிணைந்த மதிப்பெண் பட்டியலும் தற்காலிகப் பட்டச் சான்றிதழும் எப்போது கையில் கிடைத்தன என்று முடித்தவர்களிடம் கேளுங்கள். பல்கலைக்கழகத் துறைகளின் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் இணைப்புக் கல்லூரித் தேர்வுகளிலிருந்து தனியாக நடப்பதுண்டு; அப்படி நடக்கும் இடங்களில் துறைகளின் முடிவு முன்னதாகவே வந்துவிடும். துணைவேந்தர் இல்லாததால் உங்களுக்கு வரக்கூடிய இடையூறும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான்: பட்டமளிப்பு விழா தள்ளிப்போகும், பட்டச் சான்றிதழ் தாமதமாகும், புதிய ஆசிரியர் நியமனம் நடக்காது. அன்றாட வகுப்பு அதனால் நின்றுவிடுவதில்லை. சரியான விவரம் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் விண்ணப்பிக்கலாம். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பதால் இப்போதே அனுப்பிவிடுவது நல்லது. துறையில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரம்பியவை, அடுத்த இரண்டு ஆண்டுகளில் ஓய்வு பெறுவோர் எண்ணிக்கை, மூன்று ஆண்டுகளின் முடிவு வெளியான தேதிகள் ஆகியவற்றை மட்டும் கேளுங்கள். நீளமாகக் கேட்டால் பதில் தள்ளிப்போகும்.

பணத்துக்கு வருகிறேன். அப்பா பேசாமல் இருப்பதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன். அவரை உட்கார வைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். நான்கரை லட்சத்தில் ஐம்பதாயிரத்தைக் கையிலிருந்து போட்டு, ஆண்டுக்கு இரண்டு லட்சமாக நான்கு லட்சம் கல்விக் கடன் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வட்டி ஆண்டுக்குப் பத்தரை விழுக்காடு என்று கொண்டால், படிக்கும் காலத்துக்கும் அதன்பின் தவணை தொடங்காத ஓராண்டுக்கும் சேர்த்துத் தனிவட்டியே 1,05,000 ரூபாய் ஏறிவிடும். அந்த 5,05,000 ரூபாயை ஏழு ஆண்டுகளில் திருப்பிக் கட்ட மாதம் ஏறக்குறைய 8,500 ரூபாய் வேண்டும்; மொத்தம் ஏழு லட்சத்துக்கு மேல் போகும். ஜேஆர்எஃப் கிடைத்துவிட்டால் இதைக் கட்டலாம். கிடைக்க ஓரிரு ஆண்டு தாமதமானாலோ, பி.எட். படிக்க வேண்டியிருந்தாலோ, அந்தத் தவணை தறி ஓட்டும் அப்பாவின் கூலியிலிருந்துதான் போகும். கடனின் உண்மையான கெடுதல் இதுதான்: ஆராய்ச்சிக்குப் போக விரும்பிய பிள்ளையை, தவணைக்காகக் கிடைத்த முதல் வேலையில் உட்கார வைத்துவிடும்.

மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு அவர்கள் சொன்ன ஒரு லட்சத்தையும் அப்படியே நம்பாதீர்கள். கல்விக் கட்டணம் தனி, தேர்வுக் கட்டணம் தனி, ஆய்வகக் கட்டணம் தனி, திருப்பித் தரப்படும் காப்புத்தொகை தனி, மெஸ் பில் தனி, திட்டப்பணிக்கு வெளியூர் போனால் அந்தச் செலவு தனி என்று கேட்டு எழுதுங்கள். நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடியினர் வகுப்பைச் சேர்ந்து, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய கல்வி உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் அந்தந்த நலத்துறையின் உதவித்தொகை இருக்கிறது. துறை அலுவலகத்தில் இதைப் பார்க்கும் எழுத்தர் யார் என்று முதல் நாளே தெரிந்துகொள்ளுங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், இளநிலைப் பட்டப்படிப்பு முடியும்வரைதான், எம்.எஸ்சி.க்குத் தொடராது. அதை வரவில் சேர்க்காதீர்கள்.

இந்தக் கேள்விகளை எல்லாம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திடமும் கேட்க வேண்டும். அங்கே நல்ல இயற்பியல் துறை இருந்து, நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணுக்காகக் கட்டணத்தில் பெரும்பகுதியைத் தள்ளுபடி செய்வதாக எழுத்தில் தந்தால், நான் அதை மறுக்கச் சொல்ல மாட்டேன். இரண்டாம் ஆண்டுக்கும் தள்ளுபடி தொடர என்ன நிபந்தனை என்பதை மட்டும் கடிதத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் மூன்றாவது வழி ஒன்று விடுபட்டிருக்கிறது. அதைப் பற்றி யாரும் உங்களிடம் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். குறைந்த கட்டணப் பொதுக் கல்வி மாநிலப் பல்கலைக்கழகத்தோடு முடிந்துவிடவில்லை. 2009-ல் திருவாரூரில் தொடங்கிய தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்திலும், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும், நாட்டின் மற்ற மத்தியப் பல்கலைக்கழகங்களிலும் முதுநிலைக்கு க்யூட் பிஜி தேர்வு வழியாகச் சேரலாம், ஐஐடிகளில் எம்.எஸ்சி. சேர ஜாம் தேர்வு இருக்கிறது. அரசு கலைக் கல்லூரியில் படித்த பிள்ளைகள் இவற்றை எழுதவே தயங்குகிறார்கள். நீங்கள் தயங்க வேண்டாம். ஜாம் பாடத்திட்டம் பி.எஸ்சி. பாடத்துக்கு உட்பட்டது, அதற்குப் படிப்பது மாநிலப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கும் பின்னால் நெட் தேர்வுக்கும் உதவும். இந்த ஆண்டு விண்ணப்பக் காலம் தவறிப்போயிருந்தாலும், க்யூட் பிஜி அறிவிப்பை வாரம் ஒரு முறை தேசியத் தேர்வு முகமையின் தளத்தில் பார்த்துவாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால்: மாநிலப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் ஐந்து நிரந்தர ஆசிரியர்கள் நீங்கள் முடிக்கும்வரை இருப்பார்கள் என்றும், ஆய்வகம் நடக்கிறது என்றும், முடிவு ஜூலைக்குள் வந்துவிடுகிறது என்றும் தெரிந்தால், சித்தப்பாவின் மற்றக் கவலைகளை மரியாதையோடு ஒதுக்கிவிட்டு அங்கேயே சேருங்கள். இந்த மூன்றில் ஒன்று குறைந்தால், அது எது என்பதைப் பொறுத்தது. முடிவு தாமதம் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆய்வகம் பலவீனம் என்றால் கோடையில் நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து வழங்கும் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பித்து வேறு ஆய்வகத்தில் இரண்டு மாதம் வேலை செய்து ஈடுகட்டலாம். ஆசிரியர்கள் இல்லை என்றால் சேராதீர்கள். கட்டணமே இல்லை என்றாலும் சேராதீர்கள். அப்போது வேறொரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் துறையையோ, நல்ல அரசு உதவிபெறும் தன்னாட்சிக் கல்லூரியின் எம்.எஸ்சி.யையோ இதே முறையில் பாருங்கள்.

ஒன்றுக்கு மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்க வேண்டாம். விண்ணப்பங்கள் வெளியாகும் முன்பே வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் புதுப்பித்து வாங்கி வைத்துவிடுங்கள். ஐந்தாம் பருவம் வரையிலான மதிப்பெண் பட்டியல்களை உங்கள் கல்லூரியில் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஆறாம் பருவ முடிவு வராமலேயே விண்ணப்பிக்கப் பெரும்பாலான துறைகள் அனுமதிக்கின்றன. துறைக்குப் போய் வந்தபின் நீங்கள் குறித்துக்கொண்டதை எனக்கு எழுதுங்கள். இரண்டு இடங்களின் ஆசிரியர் பட்டியலையும் முடிவுத் தேதிகளையும் அனுப்பினால், விண்ணப்பத்தின் கடைசி நாளுக்கு முன்பே பதில் தருகிறேன்.